காலடி படுமுன் விரியும் நிலம்



ஒரு பெரிய உலகத்தைச் சிறிய பெட்டி ஒன்றில் அடைத்துவைக்க முடியுமா? பழங்கதைகளில் முடியும். கணினியிலும் முடியும், ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. உலகம் முழுவதையும் ஒரே நேரத்தில் விரித்துக் காட்டுமாறு எவரும் கேட்கக் கூடாது. பார்ப்பவன் எங்கே நிற்கின்றானோ அவ்விடத்தை மட்டும் விரிக்க வேண்டும். அவன் நடக்க நடக்க முன்னே இருப்பதை விரித்து, பின்னே இருப்பதைச் சுருட்ட வேண்டும். இந்த விரித்தலும் சுருட்டலும் எவ்வாறு நடைபெறுகின்றன, அவற்றைச் செம்மைப்படுத்த வல்லுநர்கள் என்னென்ன வழிகளைக் கண்டனர் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இதற்கு ‘மைன்கிராஃப்ட்’ என்னும் கணினி விளையாட்டை எடுத்துக்காட்டாகக் கொள்கின்றேன். ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்த மார்க்கஸ் பெர்சன் என்பவர் 2009ஆம் ஆண்டில் இதனை முதன்முதலாக வெளியிட்டார். 2011 நவம்பரில் இது முழு வடிவம் பெற்றது. 30 கோடிப் படிகளுக்கு மேல் விற்றிருப்பதாக 2023 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. உங்களில் பலர் இதனை ஆடியிருப்பீர்கள். ஆடாதவர்களுக்காக ஒரு சொல்: இவ்வுலகில் மண், கல், நீர், மரம் யாவும் ஒரு மீட்டர் அளவுள்ள கனசதுரக் கட்டைகளால் ஆனவை. ஆடுபவர் அவற்றைப் பெயர்க்கலாம், அடுக்கலாம், வீடும் கோட்டையும் கட்டலாம். சர்வர் எனப்படும் சேவைக் கணினி ஒன்றின் மூலம் பலர் ஒரே உலகில் கூடி வாழலாம்.

அவ்வுலகின் பரப்பு எவ்வளவு தெரியுமா? கிழக்கு மேற்காக 6 கோடிக் கட்டைகள். வடக்கு தெற்காகவும் அவ்வளவே. கட்டை ஒன்று ஒரு மீட்டர் என்று கொண்டால், நாம் வாழும் நிலவுலகின் பரப்பைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு! இதனை முழுமையாக எழுதிவைக்க எந்த வட்டும் போதாது. எனவே இது எழுதிவைக்கப்படுவதில்லை. ‘விதை’ என்று ஓர் எண் இருக்கின்றது. அந்த எண்ணைக் கொண்டு, குறிப்பிட்ட இடத்தில் மலை இருக்குமா, கடல் இருக்குமா என்பதைக் கணக்கிட்டு அறியலாம். ஒரே விதையை அதே பதிப்பில் இட்டால் அதே மலை அதே இடத்தில் எழும். 1982இல் வெளிவந்த ‘டிரான்’ என்னும் திரைப்படத்தில் பணியாற்றிய கென் பெர்லின் என்ற அறிஞர், கணினி வரையும் உருவங்கள் இயற்கைத் தன்மையின்றி வழவழவென்று இருப்பதைக் கண்டு, அதனைப் போக்க ஒரு கணித முறையை வகுத்தார். அம்முறைக்காக 1997இல் அமெரிக்கத் திரைப்பட அகாடமி அவருக்குத் தொழில்நுட்ப விருது அளித்தது. மைன்கிராஃப்டின் குன்றுகள் மேடு பள்ளமாக இயற்கைபோல் அமைவது அவ்வகைக் கணக்கினால்தான்.

விதையிலிருந்து உலகத்தை முளைக்கச் செய்வதற்கு ஓர் அளவு வேண்டுமல்லவா? நிலத்தை நீளம் 16 கட்டை, அகலம் 16 கட்டையாகப் பகுத்திருக்கின்றனர். இப்பகுதிக்கு ஆங்கிலத்தில் ‘சங்க்’ என்று பெயர். நாம் துண்டம் என்போம். 2021 நவம்பரில் வெளிவந்த பதிப்பு முதல் அதன் உயரம் 384 கட்டைகள். பெருக்கிப் பாருங்கள்: ஒரு துண்டத்தில் 98,304 கட்டைகளுக்கு இடம். ஆடுபவர் ஒருவரைச் சுற்றி நான்கு புறமும் பத்துப் பத்துத் துண்டங்கள் விரிய வேண்டும் என்பது சர்வரில் இயல்பாக உள்ள அளவு. சதுரமாகக் கணக்கிட்டால் 21 பெருக்கல் 21, அதாவது 441 துண்டங்கள். நான்கு கோடிக்கு மேற்பட்ட கட்டைகள்! இஃது ஒருவருக்கு மட்டும். நூறு பேர் நூறு திசையில் பிரிந்து நின்றால் 44,100 துண்டங்களைத் தாங்க வேண்டும்.

இனி, காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சர்வர் ஒரு நொடிக்கு இருபது முறை உலகத்தை ஓர் அடி முன்னே நகர்த்துகின்றது. இந்த அடிக்கு ‘டிக்’ என்று பெயர். ஒரு டிக்குக்கு உரிய காலம் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு. அதாவது 50 மில்லிநொடி. அதற்குள் பயிர் வளர வேண்டும், நீர் பாய வேண்டும், ஆடுமாடு நடக்க வேண்டும், ஆடுபவர்கள் செய்தவை யாவும் கணக்கில் ஏற வேண்டும். இவை அனைத்தையும் பெரும்பாலும் ஒரே பணியாள்தான் செய்கின்றான். கணினி நூல்களில் இவனை முதன்மை இழை என்பர். புதிய நிலத்தை உருவாக்கும் வேலையையும் இவன் தலையிலேயே சுமத்தினால் என்ன ஆகும்?

ஒரு கணக்குப் போடுவோம். 2016ஆம் ஆண்டு முதல் இவ்விளையாட்டில் இறக்கை கட்டிப் பறக்கலாம். வாணத்தின் உந்துதலோடு பறப்பவர் நொடிக்கு 30 மீட்டருக்கு மேல் செல்கின்றார். அதாவது நொடிக்கு இரண்டு துண்ட நீளம். ஒவ்வொரு துண்ட நீளத்தைக் கடக்கும்போதும் அவருக்கு முன்னே 21 துண்டங்கள் கொண்ட புதிய வரிசை ஒன்று விரிய வேண்டும். ஆகவே நொடிக்கு 42 புதிய துண்டங்கள். ஒரு துண்டத்தை உருவாக்கப் 10 மில்லிநொடி ஆகுமென்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரு நொடியில் 420 மில்லிநொடி அவர் ஒருவருக்கே செலவாகிவிடும்! ஐந்து பேர் ஐந்து திசையில் பறந்தால் ஒரு நொடிக்குள் இரண்டு நொடிக்கு மேற்பட்ட வேலை வந்து நிற்கும். அப்பொழுது மற்றவர்கள் என்ன காண்பர்? வெட்டிய கட்டை மறுபடியும் தோன்றும். எறிந்த ஈட்டி நடுவானில் நிற்கும். திறந்த கதவு திறவாததுபோல் இருக்கும். பறந்தவர்கள் ஐவர், தண்டனையோ அனைவருக்கும்.

‘விளையாட்டுக்காகவா இவ்வளவு பாடு?’ என்று பெரியோர் சிலர் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். 2012 முதல் ஐக்கிய நாடுகள் அவையின் குடியிருப்புத் திட்ட அமைப்பு, இவ்விளையாட்டின் நிறுவனத்தோடு சேர்ந்து, பூங்காவும் தெருவும் எப்படி அமைய வேண்டும் என்று அவ்விடத்து மக்களையே கட்டைகளால் கட்டிக் காட்டச் செய்து வந்தது. 2014இல் டென்மார்க் அரசின் நில அளவைத் துறை, தன் நாடு முழுவதையும் ஒரு மீட்டருக்கு ஒரு கட்டை வீதம் இவ்வுலகில் அமைத்து வெளியிட்டது. அந்நாட்டின் பரப்பு ஏறக்குறைய 43,000 சதுரக் கிலோமீட்டர்; துண்டங்களாகக் கணக்கிட்டால் 16 கோடிக்கும் மேல். 2020இல் எல்லைகளற்ற நிருபர்கள் என்னும் அமைப்பு, சில நாடுகளில் தடை செய்யப்பட்ட கட்டுரைகளைப் படிப்பதற்கென்று இவ்வுலகிலேயே பெரிய நூலகம் ஒன்றைக் கட்டித் திறந்தது. இவை ஒரு புறம் இருக்கட்டும். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் பல மாதம் மாலைநேரத்தில் கூடிக் கட்டிய ஒரு சிற்றூர், சர்வர் நிலைகுலைந்ததனால் ஓர் இரவில் பாதி அழிந்துபோயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளைகளிடம் போய் ‘இது விளையாட்டுத்தானே’ என்று சொல்ல எனக்கு நா எழாது. பிறர் உழைப்பைக் காத்துவைக்கும் பொறுப்பு எங்கே இருக்கின்றதோ அங்கே விளையாட்டு முடிந்துவிடுகின்றது.

சரி, வழிகளைப் பார்ப்போம்.

முதல் வழி, தேவையை ஆராய்வது. கண்ணுக்குத் தெரியும் நிலம் வேறு. உயிரோடு இயங்க வேண்டிய நிலம் வேறு. தொலைவில் உள்ள மலை தெரிந்தால் போதும். அதன்மேல் புல் வளர்வதைக் கணக்கிட வேண்டியதில்லை. 2021 நவம்பர்ப் பதிப்பில் இவ்விரண்டு அளவுகளையும் தனித்தனியே அமைத்துக்கொள்ள வழிசெய்தனர். பார்வைத் தொலைவைப் பத்தாகவே வைத்துக்கொண்டு, இயக்கத் தொலைவை மட்டும் ஐந்தாகக் குறைத்தால், 441 துண்டங்களுக்குப் பதிலாக 121 துண்டங்களே உயிரோடு இயங்கும். காட்சி குறையவில்லை, இயக்கும் வேலையோ கால் பங்கிற்குச் சற்று மேலாகச் சுருங்கிவிடுகின்றது.

இரண்டாவது வழி, வேலையைப் பகிர்ந்தளிப்பது. ஒரு பெரிய நூல்நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேசையில் இருப்பவர் தாமே எழுந்து சென்று ஒவ்வொரு நூலையும் தேடி எடுத்து வந்தால், வரிசையில் நிற்கும் மற்றவர்கள் காத்துக் கிடப்பார்கள். சீட்டை வாங்கி உள்ளே அனுப்பிவிட்டு அடுத்தவரைக் கவனித்தால்? உள்ளே நால்வர் தேடுவர். நூல் வந்தவுடன் பெயர் சொல்லி அழைக்கலாம். துண்டங்களுக்கும் இதுவே முறை. வட்டிலிருந்து படிப்பது, சுருக்கத்தை விரிப்பது, நிலத்தை உருவாக்குவது ஆகியவற்றை வேறு இழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். முதன்மை இழை, முடிந்த துண்டத்தைப் பெற்று உலகத்தில் பொருத்தினால் போதும். 2019 ஏப்ரலில் வந்த 1.14 பதிப்பில் துண்டங்களை ஏற்றும் அமைப்பே மாற்றி எழுதப்பட்டது. ஒளிக் கணக்கும் தனி இழைக்குச் சென்றது. ‘பேப்பர்’ என்னும் திறந்தநிலைச் சர்வர் மென்பொருளை எழுதியவர்கள் இவ்வழியில் மேலும் பல அடிகள் முன்னே சென்றனர்.

இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. ஒரு துண்டத்தைத் தனியே உருவாக்க முடியாது. எல்லையோரத்தில் ஒரு மரம் நின்றால் அதன் கிளை பக்கத்துத் துண்டத்தில் நீளும். ஆகவே மரம் நடும்போது பக்கத்துத் துண்டமும் இருக்க வேண்டும். பக்கத்துத் துண்டமோ தன் மரத்துக்காக இந்தத் துண்டத்தை எதிர்பார்க்கும். இருவர் ஒருவரையொருவர் பார்த்து ‘நீ முதலில்’ என்று நின்றால் இருவருமே நகரமாட்டார்கள். இதற்குக் கண்ட தீர்வு மிகவும் அழகியது. வேலையைப் படிநிலைகளாகப் பிரித்தனர். முதலில் தட்பவெப்ப வகை, அடுத்துப் பாறையின் வடிவம், பிறகு மேல் மண், பிறகு குகை, அதன்பின் மரமும் தாதுவும், கடைசியில் ஒளி. ஒரு துண்டம் ஒரு படிக்கு ஏறுவதற்குப் பக்கத்துத் துண்டம் முந்திய படியை அடைந்திருந்தால் போதும் என்று விதித்தனர். அப்பொழுது எவரும் எவருக்காகவும் முடிவின்றிக் காத்திருக்க நேர்வதில்லை.

இன்னொரு பொறியும் மறைந்திருக்கின்றது. துண்டங்களை ஏற்றும் முறை எவ்வளவு செம்மையாக இருந்தாலும், வேறொரு பகுதியில் உள்ள நிரல், ‘இன்ன இடத்தில் என்ன இருக்கின்றது? இப்பொழுதே சொல்’ என்று கேட்டுவிட்டால் முதன்மை இழை அங்கேயே நின்றுவிடும். விளையாட்டில் வரைபடம் விற்கும் கிராமத்தார் உண்டு. தொலைவில் உள்ள மாளிகையைக் காட்டும் வரைபடம் வேண்டுமானால், அம்மாளிகை எங்கே இருக்கின்றது என்று நெடுந்தொலைவு தேட வேண்டும். அந்தத் தேடலினால் சர்வர் முழுவதும் சில நொடி திகைத்து நின்ற செய்திகள் பல. எனவே நல்ல நிரல் எழுதுபவர், கேட்பதற்கு முன்னே ‘அத்துண்டம் ஏற்கெனவே விரிந்திருக்கின்றதா?’ என்று பார்ப்பார்; விரியவில்லையெனில் பிறகு வருவார்.

மூன்றாவது வழி, வரிசைமுறை. ஆடுபவரின் காலடியில் உள்ள துண்டம் முதலில் வர வேண்டும். அடிவானத்தில் உள்ளது கடைசியில் வரலாம். வேகமாகப் பறப்பவருக்கு, அவர் ஏற்கெனவே கடந்துவிட்ட இடத்துத் துண்டத்தை அனுப்பிப் பயன் என்ன? அந்த வேண்டுகோளை நீக்கிவிட வேண்டும். அனுப்பும் வேகமும் பெறுபவருக்குத் தக்கபடி இருக்க வேண்டும். 2023 செப்டம்பர்ப் பதிப்பு முதல், ஆடுபவரின் கணினி தன்னால் ஒரு டிக்கில் எத்தனைத் துண்டங்களை ஏற்க முடியும் என்று சர்வருக்குத் தெரிவிக்கின்றது. சர்வர் அதற்கேற்ப அனுப்புகின்றது. மெலிந்த கணினி வைத்திருக்கும் மாணவனும், வலிய கணினி வைத்திருப்பவனும் ஒரே உலகில் இடர்ப்பாடின்றி இருக்க இது துணை செய்கின்றது.

நான்காவது வழி, முன்கூட்டியே செய்துவைப்பது. உலகத்துக்கு ஓர் எல்லை வகுத்து, ஆட்டம் தொடங்குமுன் அதற்குள் உள்ள துண்டங்கள் அனைத்தையும் உருவாக்கி வட்டில் எழுதிவிடலாம். எல்லை 10,000 கட்டைக்கு 10,000 கட்டை என்றால், 625 பெருக்கல் 625. அதாவது 3,90,625 துண்டங்கள். நொடிக்கு 40 வீதம் செய்தால் மூன்று மணிநேரத்துக்குள் முடிந்துவிடும். அதன்பின் உருவாக்கும் வேலை இல்லை. வட்டிலிருந்து படிக்கும் வேலை மட்டுமே. மாணவர் சிலர் பழைய கணினி ஒன்றில் நடத்திய சர்வரை நான் சில மாலைகள் அருகிருந்து கவனித்தேன். புதிய இயந்திரம் வாங்கப் பணமில்லாத அவர்கள், இந்த ஒரு வழியினாலேயே தங்கள் உலகத்தைச் சீராக ஓடவைத்துக்கொண்டார்கள்.

ஐந்தாவதாக, சிக்கனத்தைச் சொல்ல வேண்டும். ஒரு துண்டத்தை 16 கட்டை உயரமுள்ள அடுக்குகளாகப் பிரிக்கின்றனர். ஓர் அடுக்கில் 4,096 கட்டைகள். அவற்றில் எத்தனை வகை இருக்கும்? பெரும்பாலும் சில வகைகளே. ஆகவே ஒவ்வொரு கட்டைக்கும் அதன் முழுப்பெயரை எழுதாமல், வகைகளுக்கு ஒரு சிறு பட்டியல் போட்டுக்கொண்டு, பட்டியலில் அது எத்தனையாவது என்பதை மட்டும் குறிக்கின்றனர். பதினாறு வகைக்குள் அடங்கினால் கட்டைக்கு நான்கு பிட்டு போதும். அடுக்கு முழுவதும் 2,048 பைட்டில் அடங்கிவிடும். முழுதும் வெறுங்காற்றாக இருந்தால், ‘காற்று’ என்று ஒரே குறிப்போடு முடிந்துவிடும்.

விரிப்பதைப் பற்றியே இதுவரை பேசினோம். சுருட்டுவதிலும் நுட்பம் உண்டு. ஆடுபவர் ஓர் எல்லைக்கோட்டில் நின்று முன்னும் பின்னும் நடந்தால், அதே துண்டங்கள் மாறிமாறி ஏறியும் இறங்கியும் வீண்வேலையாகும். எனவே ஆள் நகர்ந்த உடனே இறக்கிவிடாமல் சிறிது நேரம் வைத்திருந்து, பிறகு இறக்குவது நலம். வெகுநேரம் வைத்திருந்தாலோ நினைவகம் நிரம்பிவிடும். நடுவழியைக் காண்பதில்தான் அறிவு இருக்கின்றது.

எல்லாவற்றிலும் பொறுப்பு மிக்க வேலை, எழுதிவைப்பது. 1,024 துண்டங்களை ஒரு கோப்பில் சேர்த்து வைக்கின்றனர். கோப்பின் தலைப்பில் ஒரு பொருளடக்கம்; எந்தத் துண்டம் எங்கே தொடங்குகின்றது என்று அது சொல்லும். ஒரு துண்டம் பழைய இடத்தில் அடங்காமல் பெருத்துவிட்டால், புதிய இடத்தில் அதனை முழுவதும் எழுதி முடித்த பின்னரே பொருளடக்கத்தைத் திருத்த வேண்டும். முதலில் பொருளடக்கத்தைத் திருத்திவிட்டு, எழுதும்போது மின்சாரம் நின்றால், பழையதும் கிடைக்காது, புதியதும் கிடைக்காது. மற்றொன்று பாருங்கள். பெட்டியில் உள்ள வைரம் துண்டத்தின் கோப்பில் இருக்கின்றது. ஆடுபவர் கையில் உள்ள வைரம் அவர் பெயருக்குரிய வேறொரு கோப்பில் இருக்கின்றது. அவர் பெட்டியிலிருந்து வைரத்தை எடுத்த நேரத்தில் ஒரு கோப்பு மட்டும் எழுதப்பட்டு, மற்றது எழுதப்படுமுன் சர்வர் நின்றுபோனால், வைரம் இரண்டாகவும் ஆகலாம், இல்லாமலும் போகலாம். இது வைரத்தோடு நிற்பதில்லை. வங்கியில் ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்குக்குப் பணம் மாற்றும்போதும் இதே சிக்கல்தான். இரண்டும் நிகழ வேண்டும்; அல்லது இரண்டும் நிகழாதிருக்க வேண்டும்.

இங்கேதான் வேகத்துக்கும் நம்பிக்கைக்கும் இடையே போட்டி எழுகின்றது. அடிக்கடி எழுதினால் பாதுகாப்பு மிகுதி. ஆனால் சர்வர் தடுமாறும். அருகி எழுதினால் ஓட்டம் சீர். ஆனால் விபத்து நேர்ந்தால் இழப்புப் பெரிது. பேப்பர் மென்பொருளில், எழுத வேண்டியவற்றை ஒரே டிக்கில் குவிக்காமல், டிக்குக்குச் சிலவாகப் பரப்பி எழுதும் முறையைக் கையாண்டனர். அதே குழுவினர் 2023இல் ‘ஃபோலியா’ என்னும் மென்பொருளை வெளியிட்டனர். ஒன்றுக்கொன்று தொலைவில் உள்ள நிலப்பகுதிகளைத் தனித்தனி வட்டாரங்களாக்கி, ஒவ்வொரு வட்டாரத்தின் டிக்கையும் தனித்து நடத்துவது அதன் முறை. ஒரு வட்டாரத்தில் கூட்டம் மிகுந்தால் மற்ற வட்டாரம் தடுமாறுவதில்லை. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு: உலகம் முழுவதையும் ஒரே பணியாள் பார்ப்பான் என்று நம்பி எழுதப்பட்ட பழைய துணைநிரல்கள் அதில் அப்படியே ஓடமாட்டா, திருத்தி எழுத வேண்டும். எதையும் விலையின்றிப் பெற முடியாது என்பது பொறியியலின் முதற்பாடம்.

மாணவர்களே, இவ்வழிகளுள் எதனை முதலில் கையாள்வது என்று நீங்கள் கேட்கலாம். அளந்து பாருங்கள் என்பதே என் விடை. காலம் எங்கே செலவாகின்றது? நிலத்தை உருவாக்குவதிலா, வட்டிலிருந்து படிப்பதிலா, வலையில் அனுப்புவதிலா, பயனற்ற நினைவகத்தைத் துப்புரவு செய்வதிலா? அதை அறியாமல் பெரிய இயந்திரம் வாங்குவது, நோயை அறியாமல் மருந்து உண்பதைப் போன்றது.

பெரிய சர்வர் உங்களிடம் இல்லாமற் போகலாம். அதனால் குறையில்லை. ஒரு சிறிய நிரல் எழுதுங்கள். கட்டங்கள் நிறைந்த ஒரு தளம். அதில் நடக்கும் ஒரு புள்ளி. அப்புள்ளியைச் சுற்றி ஐந்து கட்டத் தொலைவுக்கு மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும் ஒரு பட்டியல். புள்ளியை மெல்ல நடக்கவிடுங்கள். பிறகு விரைந்து ஓடவிடுங்கள். எல்லைக்கோட்டில் முன்னும் பின்னும் ஆடவிடுங்கள். எத்தனை முறை கட்டங்கள் ஏறின, எத்தனை முறை இறங்கின என்று எண்ணி எழுதுங்கள். கடைசியில், ஓடிக்கொண்டிருக்கும்போதே நிரலைச் சட்டென்று நிறுத்திவிட்டு, எழுதிவைத்தது எவ்வளவு மீண்டும் கிடைக்கின்றது என்று பாருங்கள். அந்தக் கடைசிச் சோதனையில் ஒரு கட்டமும் இழக்காத நிரலை எழுதியவரிடம், நூறு பேர் கட்டிய ஊரை நம்பி ஒப்படைக்கலாம்.